கோல் காவலரும் பேராவின் திடல்களும்

பழந்தமிழர் போர்முறையை வகுத்தபோது, மதிலை வளைத்து நிற்பவனுக்கு உழிஞைப் பூவையும், மதிலுக்குள் நின்று காப்பவனுக்கு நொச்சிப் பூவையும் சூட்டினர். புறப்பொருள் வெண்பாமாலை இவ்விரண்டையும் தனித்தனித் திணைகளாக வைத்துப் பேசும். அதற்கு மிக முற்பட்ட தொல்காப்பியத்திலோ நொச்சிக்குத் தனித் திணை இல்லை. காத்தலும் உழிஞைக்குள்ளேயே அடங்கிவிடும். வளைப்பவனும் காப்பவனும் ஒரே போரின் இரு கூறுகள் என்பது தொல்காப்பியர் கருத்துப் போலும்.

காற்பந்து ஆட்டத்தில் கோல் காவலர் பெற்ற இடத்தை எண்ணும்போது இந்தப் பாகுபாடு நினைவுக்கு வருகிறது. பதினொருவரில் பதின்மர் உழிஞை சூடி ஓட, ஒருவர் மட்டும் நொச்சி சூடிக் கம்பங்களுக்கிடையே நின்றார். நெடுங்காலம் அவர் தனித் திணையாகவே இருந்தார். இன்று அவர் மீண்டும் மற்றவரோடு ஒன்றாகிவிட்டார். பந்தைத் தடுப்பவராக மட்டும் இருந்தவர், தாக்குதலைத் தொடங்கி வைப்பவராகவும் ஆகிவிட்டார். பேரா மாநிலத்தின் திடல்கள் இந்த மாற்றத்தின் எல்லாப் படிகளையும் கண்டவை. அத்திடல்களோடு ஒட்டி வாழ்ந்த தமிழர்க்கு இதனால் விளைந்தது என்ன என்பதும் எண்ணத்தக்கது.

கை குறுகிய கதை

இங்கிலாந்தில் 1863-ஆம் ஆண்டு காற்பந்துச் சங்கம் முதல் விதிகளை எழுதியபோது கோல் காவலர் என்ற பெயரே அவற்றில் இல்லை. பறந்துவரும் பந்தை எந்த ஆட்டக்காரரும் கையால் பிடிக்கலாம் என்று அன்று இருந்தது. பிடித்துக்கொண்டு ஓடுவதுதான் குற்றம். சில ஆண்டுகளில் அந்த உரிமை நீங்கியது. பின்னர் 1871-இல், தன் கோலைக் காப்பதற்காகக் கையைப் பயன்படுத்தும் உரிமை ஒரே ஒருவருக்கு வழங்கப்பட்டது. எல்லோருக்கும் இருந்த கை ஒருவருக்கு உரியதாயிற்று. கோல் காவலர் பிறந்தது அப்போதுதான்.

ஆயினும் அந்தக் கைக்கு அன்று எல்லை இல்லை. 1887-இல்தான் எதிரணியின் பாதித் திடலில் அவர் பந்தைக் கையால் தொடலாகாது என்ற விதி வந்தது. தம் பாதித் திடல் முழுவதிலும் தொடலாம். வேல்ஸ் நாட்டின் புகழ்பெற்ற கோல் காவலர் லீ ரிச்மண்ட் ரூஸ் இந்த உரிமையை முழுமையாகப் பயன்படுத்தினார். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நடுக்கோடு வரையில் சென்று, அங்கிருந்து எதிரணியின் பக்கம் உதைப்பார். இவருடைய ஆட்டமே விதி மாறக் காரணம் என்று சொல்லுவர். 1912-இல் கோல் காவலரின் கை, 18 கெஜ ஆழமுள்ள பெனால்டி கட்டத்துக்குள் அடைக்கப்பட்டது. ரூஸ் முதல் உலகப் போரில் 1916-இல் மடிந்தார்.

மற்றவரினின்று வேறான நிறத்தில் கோல் காவலர் சட்டை அணிய வேண்டும் என்ற விதி 1909-இல் வந்தது. சட்டையும் வேறு, இடமும் வேறு, தொழிலும் வேறு என்று அவர் முழுமையாகத் தனித்து நின்ற காலம் இங்கே தொடங்குகிறது. இந்த உருவத்தில்தான் காற்பந்து மலாயாவில் வேரூன்றியது.

ஈயமும் கிண்ணமும்

பேராவில் காற்பந்து வளர்ந்த காலம் ஈயம் செழித்த காலம். கிந்தா ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஈயம் ஈப்போவை ஊராக்கி, நகரமாக்கியது. ஆங்கிலேயர் தாம் சென்ற இடமெல்லாம் ஒரு திடலையும் ஒரு மன்றத்தையும் அமைத்துக்கொண்டனர். ஈப்போத் திடலும் அவ்வாறு வந்ததே. பின்னர் ஆண்டர்சன் பள்ளி, செயிண்ட் மைக்கேல் பள்ளி முதலிய ஆங்கிலப் பள்ளிகள் எழுந்தன. துரைமார் ஆட்டம் மாணவர் ஆட்டமாயிற்று. மாணவர் ஆட்டம் ஊர் ஆட்டமாயிற்று.

ஈயமும் ரப்பரும் தந்த செல்வத்திலிருந்து, பேரா உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்கள் பிரிட்டனுக்கு ஒரு போர்க்கப்பலையே வாங்கிக் கொடுத்தன. ‘மலாயா’ என்று பெயர் பெற்ற அக்கப்பல் 1921-இல் இந்நாட்டுக்கு வந்தது. வரவேற்பில் மகிழ்ந்த கப்பல் அதிகாரிகள் ஒரு வெள்ளிக் கிண்ணத்தை அன்பளிப்பாகத் தந்தனர். அதுவே மலாயாக் கிண்ணம். 1967-இல் அப்போட்டி மலேசியக் கிண்ணப் போட்டி எனப் பெயர் மாறியது. முதல் ஆண்டிலேயே களத்தில் இறங்கிய ஆறு அணிகளுள் பேராவும் ஒன்று. 1926-இலும் 1931-இலும் பேரா அக்கிண்ணத்தை வென்றது.

அக்காலக் கோல் காவலரின் நிலையை இன்றுள்ளோர் எளிதில் உணர முடியாது. தோல் பந்து மழைநீரைக் குடித்துக் கனக்கும். பேராவோ மழைக்குப் பேர்போன நாடு. சேற்றில் வழுக்கும் அந்தப் பந்தைக் கையுறையின்றியே பிடித்தவர் பலர். பிடித்தபின்னும் நிம்மதி இல்லை. பந்தைக் கையில் வைத்திருக்கும் கோல் காவலரைத் தோளால் மோதித் தள்ள எதிரணியினருக்கு உரிமை இருந்தது. 1958-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில், போல்ட்டன் அணியின் நாட் லாஃப்ட்ஹவுஸ் மான்செஸ்டர் யுனைட்டெட் கோல் காவலர் ஹாரி கிரெக்கை மோதிப் பந்தோடு கோலுக்குள் தள்ளினார். நடுவர் அதைக் கோல் என்றே அறிவித்தார்.

இத்தகைய ஆட்டத்தில் கோல் காவலருக்கு வேண்டியவை மூன்று: உறுதியான கை, அஞ்சாத நெஞ்சம், வலிய உடல். கால் பெரிதும் தேவைப்படவில்லை. கோல் உதையைக்கூடத் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் வந்து உதைத்துக் கொடுப்பது பல அணிகளில் வழக்கமாக இருந்தது.

தோட்டத்துத் திடல்

ஈப்போவின் நகரத் திடலுக்கு அப்பால் வேறொரு காற்பந்து உலகம் இருந்தது. அது ரப்பர்த் தோட்டங்களின் உலகம். 1877-இல் பிரேசில் நாட்டு ரப்பர்க் கன்றுகள் கோலாகங்சாரில் நடப்பட்டன. அவை தந்த விளைவால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராவின் காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகள் வழியே தமிழகத்திலிருந்து மக்கள் வந்தனர். 1938-இல் இந்திய அரசு அத்தகைய குடியேற்றத்தை நிறுத்தும் வரையில் வந்துகொண்டிருந்தனர்.

தோட்ட வாழ்வின் ஒழுங்கே காற்பந்துக்கு இடம் தந்தது எனலாம். விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவர். குளிர்ந்த பொழுதிலேயே பால் நன்கு வடியும் ஆதலால் வெட்டு வேலை அதிகாலையில் தொடங்கும். பாலைச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்த பிறகு மாலைப் பொழுது மிஞ்சும். அந்த மாலையைக் கழிக்கத் தோட்டத்தில் இருந்த இடங்கள் சிலவே: கோயில், கள்ளுக்கடை, திடல். இவற்றுள் இளைஞரை ஈர்த்தது திடல்.

பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருந்த தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. லயத்துக்கு அருகே பள்ளிக் கொட்டகையும், பக்கத்தில் ஒரு புல்வெளியும் அமைந்தன. பகலில் பிள்ளைகள் அங்கே ஓடினர். மாலையில் பெரியவர்கள் ஆடினர். மரத்தடிகளே கோல் கம்பங்கள். காலணி இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும் நாளில் கிராணி முதல் கடைசித் தொழிலாளி வரை கோட்டோரத்தில் நின்று கூவுவர்.

அங்கே கோல் காவலர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்? உயரமானவர், ஓட மாட்டாதவர், அல்லது வயதில் இளையவராய் மறுத்துப் பேச இயலாதவர் கோலில் நிறுத்தப்பட்டார். ஊர்தோறும் சிறுவர் ஆட்டத்தின் வழக்கமே இதுதான். பயிற்சி என்று தனியே ஒன்றும் இல்லை. அடிபட்டு அடிபட்டே கற்றுக்கொள்ள வேண்டும். ஆயினும் அந்தப் பள்ளி வீண்போகவில்லை. அந்நாளின் கோல் காவலருக்கு வேண்டிய கையும் துணிவும் ஒருவர் தாமாகவே வளர்த்துக்கொள்ளக் கூடியவை. சுவரில் பந்தை எறிந்து பிடிக்கலாம். தம்பியை உதைக்கச் சொல்லித் தடுக்கலாம். கரடுமுரடான தரையில் விழுந்து எழலாம். தோட்டத்துத் திடல் இவ்வளவையும் இலவசமாகத் தந்தது. இந்த உண்மையை மனத்தில் கொள்ளுதல் வேண்டும். கட்டுரையின் முடிவு இதனைச் சார்ந்தே நிற்கிறது.

கோலின் பொற்காலம்

நாடு விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டிலேயே பேரா மூன்றாம் முறை மலாயாக் கிண்ணத்தை வென்றது. 1965-இல் ஈப்போவில் பேரா விளையாட்டரங்கம் எழுந்தது. 1967-இலும் 1970-இலும் கிண்ணம் மீண்டும் பேராவுக்கு வந்தது. ஆசியாவெங்கும் கோல் காவலர் புகழ்பெற்று விளங்கிய காலமும் இதுவே.

ஐதராபாத்தில் 1935-இல் பிறந்த பீட்டர் தங்கராஜ் அவர்களுள் ஒருவர். முதலில் தாக்குதல் ஆட்டக்காரராக ஆடியவர்; இந்திய இராணுவத்தின் மதராஸ் படைப்பிரிவு மையத்தில் சேர்ந்த பிறகே கோல் காவலரானார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் ஆட்டங்களுக்குச் சென்ற இந்திய அணிகளில் இடம்பெற்றார். 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 2-1 என்று வென்றபோது கோலைக் காத்தவர் அவரே. அதே போட்டியில் மலாயா வெண்கலம் பெற்றது. தங்கராஜ் 2008-இல் மறைந்தார்.

ஈப்போ தந்த செல்வம் சௌ சீ கியோங். 1948-இல் அந்நகரில் பிறந்த இவர் மிக இளம் வயதிலேயே நாட்டின் கோல் காவலரானார். 1966 முதல் 1970 வரை ஐந்து ஆண்டுகள் ஆசியாவின் தலைசிறந்த கோல் காவலர் எனப் போற்றப்பட்டார். பின்னர் ஹாங்காங் சென்று தொழில்முறை ஆட்டக்காரராக விளங்கினார். அங்குள்ளோர் அவரை எஃகுக் கதவு என்று அழைத்தனர். 2018-இல் அவர் காலமானார்.

தமிழர் உள்ளத்தில் மறையாது நிற்பவர் ஆர். ஆறுமுகம். 1953-இல் சிலாங்கூரில் பிறந்து, அம்மாநில அணிக்கும் நாட்டு அணிக்கும் நெடுநாள் கோல் காத்தவர். நீண்ட கைகளால் பந்தைப் பற்றிக்கொள்ளும் திறம் கண்டு மக்கள் அவருக்கு ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் சூட்டினர். 1980 ஏப்ரல் 6-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று, மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. அன்றைய கோல் காவலர் ஆறுமுகமே. நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அணி மாஸ்கோ செல்லவில்லை. 1988 டிசம்பரில் அவர் சாலை விபத்தில் உயிரிழந்தார். 2016-இல் வெளிவந்த ‘ஓலா போலா’ என்னும் திரைப்படம் அந்த அணியின் நினைவைப் புதிய தலைமுறைக்குக் கொண்டு சென்றது.

எஃகுக் கதவு, சிலந்தி மனிதன்: இவ்விரு பட்டங்களையும் உற்று நோக்குக. ஒன்று அடைத்து நிற்பது, மற்றொன்று பற்றிக்கொள்வது. இரண்டும் கையின் புகழ். காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தக் காலத்தின் கருத்து அப்பட்டங்களில் அப்படியே பதிந்திருக்கிறது.

கால் நீண்ட கதை

மாற்றத்தின் விதை முன்னரே விழுந்திருந்தது. 1953 நவம்பர் 25-ஆம் நாள் வெம்பிளி அரங்கில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்தது. அன்று ஹங்கேரியின் கோல் காவலர் கியுலா குரோசிச் கோட்டிலேயே நின்றுவிடவில்லை. தம் தற்காப்பு ஆட்டக்காரர் முன்னேறிச் சென்றபோது பின்னால் உண்டான வெற்றிடத்துக்கு ஓடிவந்து பந்தை உதைத்து அகற்றினார். நான்காம் தற்காப்பு ஆட்டக்காரர் போன்று ஆடினார். சோவியத் நாட்டின் லெவ் யாஷினும் கட்டத்தை விட்டு வெளியே வந்து ஆடுவதில் வல்லவர். ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய தங்கப் பந்து விருதை 1963-இல் பெற்றார். ஆடவருக்குரிய அவ்விருதை வேறு எந்தக் கோல் காவலரும் பெற்றதில்லை.

எனினும் இவர்கள் விதிவிலக்குகளே. பெரும்பாலோர்க்கு மாற்றம் விருப்பத்தால் வரவில்லை, விதியால் வந்தது. அதுவரை ஓர் அணி முன்னணியில் இருந்தால் பந்தைக் கோல் காவலருக்குப் பின்னோக்கி உதைக்கும். அவர் கையில் எடுத்து, உருட்டி, மீண்டும் வாங்கி, மீண்டும் எடுத்துக் காலத்தைக் கடத்துவார். 1990 உலகக் கிண்ணப் போட்டியில் இந்த வழக்கம் பார்ப்போரைச் சலிப்படையச் செய்தது. ஆதலின் 1992-இல், தம் அணியினர் காலால் வேண்டுமென்று அனுப்பும் பந்தைக் கோல் காவலர் கையால் தொடலாகாது என்று விதி எழுதினர்.

ஒரு வரி விதிதான். ஆனால் 1912-க்குப் பிறகு கோல் காவலரின் வாழ்வை இவ்வளவு மாற்றியது வேறில்லை. நேற்று வரை கையில் எடுத்த பந்து இன்று காலடியில் கிடக்கிறது. எதிரணியினர் ஓடிவருகின்றனர். பதற்றத்தில் கோட்டுக்கு வெளியே உதைப்பவர் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுகிறார். அமைதியாக நின்று தம்மவர் ஒருவருக்குச் சேர்ப்பவரோ தாக்குதலைத் தொடங்கி வைக்கிறார். ஆறு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருக்கலாகாது என்ற வரம்பு 2000-இல் வந்தது. 2019 முதல் கோல் உதையைக் கட்டத்துக்குள்ளேயே தம்மவர் வாங்கிக்கொள்ளலாம் என்றாயிற்று. 2025-இல் விநாடிகள் எட்டாக உயர்ந்தன. ஆனால் மீறினால் எதிரணிக்கு மூலை உதை கிடைக்கும் என்று தண்டனை உறுதியாயிற்று.

எல்லோர்க்கும் இருந்த கை ஒருவருக்கானது. பிறகு பாதித் திடலுக்கு, பின் கட்டத்துக்கு, பின் தம்மவர் காலால் தராத பந்துக்கு, பின் சில விநாடிகளுக்கு என்று குறுகிக்கொண்டே வந்தது. கை குறுகக் குறுகக் கால் நீண்டது. 150 ஆண்டு வரலாற்றின் சாரம் இதுவே.

அயர்லாந்து காட்டும் உண்மை

கோல் காவலர் மாறியது விதிகளால் மட்டுமா? இதற்கு விடை காண அயர்லாந்து நாட்டின் கேலிக் காற்பந்தை நோக்குதல் பயன்தரும். 1884-இல் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கம் வளர்த்த ஆட்டம் அது. பக்கத்துக்குப் பதினைவர். பந்தை எல்லோரும் கையாலும் காலாலும் ஆடலாம். குறுக்குக் கம்பத்துக்கு மேலே சென்றால் பொதுவாக ஒரு புள்ளி. கீழே வலைக்குள் சென்றால் கோல், அது மூன்று புள்ளிக்குச் சமம். எல்லோர்க்கும் கை உள்ள ஆட்டமாதலால் கைக்குறுக்கம் என்ற காரணம் அங்கே இல்லை.

ஆயினும் அங்கும் கோல் காவலர் மாறினார். ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னும் அவர் பந்தை உதைத்து ஆட்டத்தை மீண்டும் தொடங்க வேண்டும். முன்னாளில் அந்த உதை நடுத்திடலை நோக்கி ஓங்கி உதைப்பதாகவே இருந்தது. யார் எம்பிப் பிடித்தாலும் அவருக்கே பந்து. 2001-இல் டப்ளின் அணிக்கு ஆடத் தொடங்கிய ஸ்டீவன் க்ளக்ஸ்டன் இதனை மாற்றினார். எந்தத் தோழர் ஒரு கணம் தனித்து நிற்கிறாரோ அவர் மார்பில் சென்று சேருமாறு விரைந்து உதைத்தார். 2011-ஆம் ஆண்டு அனைத்து அயர்லாந்து இறுதியாட்டத்தின் கடைசி நேரத்தில், கெர்ரி அணிக்கு எதிரான வெற்றிப் புள்ளியைத் தனி உதையால் பெற்றவரும் அவரே. அவருக்குப் பின் வந்தவர்கள் கோலை விட்டு நடுக்கோட்டையும் தாண்டித் தாக்குதலில் கலந்தனர்.

இதனால் ஒரு தீங்கும் நேர்ந்தது. நெருக்கடி வரும்போதெல்லாம் பந்தைக் கோல் காவலருக்கே திருப்பித் தந்து காலம் கழிக்கும் பழக்கம் வளர்ந்தது. எனவே 2025-இல் புதிய விதிகள் வந்தன. கோல் காவலரும் பந்து தருபவரும் கோலருகே உள்ள பெரிய கட்டத்துக்குள் இருந்தாலன்றி, அல்லது கோல் காவலர் நடுக்கோட்டைக் கடந்து நின்றாலன்றி, அவர் தம்மவரிடமிருந்து பந்தைப் பெறலாகாது. இவ்விதிகளை வகுத்த குழுவின் தலைவர் ஜிம் கவின், க்ளக்ஸ்டன் ஆடிய டப்ளின் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இரு ஆட்டங்களின் விதிகளும் எதிரெதிர்; சென்று சேர்ந்த இடம் ஒன்று. காரணம் எளிய கணக்கே. ஒவ்வொருவரையும் எதிரணியில் ஒருவர் கண்காணிக்கும்போது, கண்காணிப்பார் இல்லாதவர் கோல் காவலர் ஒருவரே. அவரும் பந்து ஆடத் தெரிந்தவரானால் அந்த அணிக்கு ஓர் ஆள் கூடுதல். இந்தக் கணக்கை உணர்ந்த பின் எந்த அணியும் பழைய நிலைக்குத் திரும்ப இயலாது.

திடல் மறைந்தது

பேராவுக்கு மீண்டு வருக. விடுதலைக்குப் பின் ஆங்கிலேய உடைமையாளர் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றனர். தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி செய்தார். எனினும் காலத்தின் ஓட்டம் நிற்கவில்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. நகரை ஒட்டிய தோட்டங்களில் வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்தன. லயங்கள் காலியாயின. குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களிலும் பிற நகரங்களிலும் அடுக்கு வீடுகளில் குடியேறின.

பள்ளியைப் பற்றிப் பேச ஆள் இருந்தது. தோட்டம் மறைந்தாலும் தமிழ்ப்பள்ளி மறையலாகாது என்று பலர் போராடினர். பள்ளிகள் பல புதிய இடங்களுக்கு மாற்றப்பட்டுப் பிழைத்தன. பேராவில் இன்றும் 130-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆனால் திடலைப் பற்றிப் பேசியவர் சிலரே. பள்ளியோடு ஒட்டிக் கிடந்த அந்தப் புல்வெளி, மரம் வெட்டப்பட்டபோது மரத்தோடு போயிற்று.

இரண்டு இழப்புகள் ஒரே தலைமுறையில் நேர்ந்தன என்பதுதான் இங்குக் கருத வேண்டியது. தோட்டம் இருந்த நாளில் கோல் காவலருக்கு வேண்டிய கையையும் துணிவையும் ஒரு சிறுவன் தனியே பெற முடிந்தது. திடல் மறைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் விதியும் மாறி, தனியே பெற முடியாத ஒரு திறமையைக் கேட்டது. காலால் பந்தைத் தோழருக்குச் சேர்ப்பதற்குத் தோழர் வேண்டும். நெருக்க வரும் எதிரணியும் வேண்டும். சமமான தரை வேண்டும். எங்கே பார்ப்பது, எப்போது உதைப்பது என்று சொல்லித்தர ஒருவர் வேண்டும். அதுவும் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்க வேண்டும். திடல் இருந்த காலத்தில் இது தேவைப்படவில்லை. தேவைப்படும் காலத்தில் திடல் இல்லை.

மேல்மட்டத்திலும் வழிகள் குறுகிவிட்டன. இந்திய இளைஞர்க்கு வாய்ப்பளிக்கும் நோக்கத்துடன் மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணியாக எழுந்து, பின் பெட்டாலிங் ஜெயா சிட்டி எனப் பெயர் மாறிய அணி, 2022 பருவத்துடன் சூப்பர் லீக்கிலிருந்து விலகியது. 1998, 2000, 2018 ஆண்டுகளிலும் கிண்ணம் வென்று மொத்தம் எட்டு முறை வாகை சூடிய பேராவின் பெயரே 2025-26 பருவத்துச் சூப்பர் லீக்கில் இடம்பெறவில்லை. மேலே ஏணி இல்லாதபோது கீழே முதற்படியைக் காப்பது இன்னும் இன்றியமையாததாகிறது.

பள்ளியின் பங்கு

முதற்படி எது? ஐயமின்றித் தமிழ்ப்பள்ளியே. பல பள்ளிகளில் மாணவர் தொகை 150-க்கும் குறைவு. ஒரு வயதுப் பிரிவில் பதினொருவரைத் திரட்டுவதே அரிது. இக்குறையை ஆசிரியர் ஒருவர் தனித்து நீக்கிவிட முடியாது. ஆனால் செலவில்லாமல் செய்யக்கூடியன சில உண்டு.

ஓட மாட்டாத பிள்ளையைக் கோலில் நிறுத்தும் பழைய வழக்கம் முதலில் ஒழிய வேண்டும். அஃது அப்பிள்ளைக்கும் தீங்கு, ஆட்டத்துக்கும் தீங்கு. கோல் காவலரைத் தனியே ஒரு மூலையில் நிறுத்திப் பந்தை எறிந்து பிடிக்கச் செய்வதோடு நில்லாமல், மற்றப் பிள்ளைகள் பந்தைக் காலால் மாற்றிக்கொள்ளும் பயிற்சியில் அவரையும் வட்டத்துக்குள் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் கீழ் வகுப்பிலிருந்தே முறைவைத்துக் கோலில் நிற்க வேண்டும்; அப்போதுதான் யாருக்கு அந்த நெஞ்சம் உண்டு என்பது தெரியும். தாக்குதல் ஆட்டக்காரராயிருந்த தங்கராஜுக்குள் ஒரு கோல் காவலர் இருந்ததை, அவரைக் கோலில் நிறுத்திய பிறகன்றோ உலகம் கண்டது? சிறிய அணிகளாக ஆடும்போது கோல் காவலரின் காலுக்குப் பந்து அடிக்கடி வரும். ஆதலின் பதினொருவர் இல்லாத பள்ளியின் குறையே ஒரு வாய்ப்பாகவும் மாறக்கூடும்.

கோல் காவலர் செய்யும் பிழை உடனே கோலாகிறது. 1990 உலகக் கிண்ணத்தில் கொலம்பியாவின் ஹிகிதா, கட்டத்துக்கு வெகுதொலைவில் பந்தைக் காலில் வைத்து ஆட முயன்று, கேமரூனின் ரோஜர் மில்லாவிடம் இழந்தார். கோல் விழுந்தது, கொலம்பியா போட்டியிலிருந்து வெளியேறியது. ஆயினும் அவர் ஆட முயன்ற ஆட்டத்தைத்தான் இன்று எல்லாக் கோல் காவலரும் கற்கின்றனர். பிழை செய்த பிள்ளையைத் திட்டி மீண்டும் கோட்டுக்கே அனுப்பும் ஆசிரியர் பழைய காலத்துக் கோல் காவலரை வளர்ப்பார். அவ்வாறு வளர்ந்தவருக்கு இன்றைய ஆட்டத்தில் இடம் கிடைக்காது.

நொச்சி சூடி மதிலுக்குள் நின்றவன் கதவைத் திறந்துகொண்டு உழிஞை மறவனாகவும் வெளிப்பட வேண்டிய காலம் இது. தொல்காப்பியர் இரண்டையும் ஒரே திணையில் வைத்ததை இலக்கண வகுப்பில் விளக்கும் ஆசிரியர், அன்று மாலையே திடலில் அதனைக் காட்டவும் முடியும். தோட்டத்துத் திடல் மீண்டும் வாராது. அது செய்த வேலையைப் பள்ளித் திடல் ஏற்றுக்கொண்டால், ஆறுமுகத்துக்குப் பின் வெறுமையாய் நிற்கும் இடத்துக்குப் பேராவிலிருந்தே ஒருவர் வரக்கூடும்.